தூசி கிளம்பாத குண்டு

கையுறையில் தொங்கும் விலைச்சீட்டை முதலில் கழற்றுங்கள். உருகிய ஈயம் அதைப் பார்த்து மரியாதை கொடுக்கப்போவதில்லை.

போன மாதம் விசிட் விசாவில் வந்திருந்தபோது நம் துப்பாக்கி கிளப்பின் வார்ப்புப் பட்டறைக்கும் ஒரு நடை வந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவரையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒருவர் ஈயச் சட்டியைப் பாயசம் கிண்டுவதுபோலக் கிண்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வார்த்தெடுத்த குண்டைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார், தேங்காய் வாங்க வந்தவர் மாதிரி. மூன்றாமவர் போனில் வெப்பநிலை பார்த்துக்கொண்டிருந்தார். சட்டியின் வெப்பநிலை அல்ல, ஷார்ஜாவின் வெப்பநிலை.

பயப்படாதீர்கள், தேறிவிடுவீர்கள். எங்கள் காலத்தில் இதைவிட மோசமானவர்களும் தேறினார்கள்.

புதியவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மேனேஜர் கேட்டார். காரீயம் எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு, எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு வெடிமருந்து என்பதெல்லாம் பட்டறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அதைச் சொல்ல நான் எதற்கு? கண்ணாடி போட்டு மாட்ட முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குப் பரமக்குடிப் பக்கம். கிளப்புக்கு வருமுன் துபாய் அல் கூஸில் ஒரு சின்னப் பட்டறையில் மீன்வலைக்கு ஈயக்குண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். மீனுக்கு ஊற்றிய கை இரும்பு ஆட்டுக்கு ஊற்ற ஆரம்பித்தது, அவ்வளவுதான் என் பதவி உயர்வு. இரும்பு ஆடு என்றால் என்னவென்று உங்கள் வீட்டில் கேட்பார்கள், தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நம் கிளப்பில் கருமருந்து போட்டுச் சுடும் பழைய பாணி ரைபிள்களுக்கென்று ஒரு போட்டி உண்டு. பாலைவனத்தில் வரிசையாக இரும்பில் வெட்டிய மிருகங்களை நிறுத்தியிருப்பார்கள். கிட்டத்தில் கோழி. அடுத்து மான். அதற்கப்பால் வான்கோழி. கண்ணுக்கெட்டாத தூரத்தில் செம்மறிக்கடா. மேற்கு நாடுகளில் இரண்டாவது வரிசையில், இந்த ஊரில் பெயர் சொல்லக்கூடாத வேறொரு மிருகம் நிற்குமாம். இங்கே அது மானாகிவிட்டது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. குண்டு பட்டால் மட்டும் போதாது, மிருகம் கீழே விழ வேண்டும். பட்டும் விழாத கடாவுக்கு மதிப்பெண் கிடையாது.

ஒவ்வொரு ஷூட்டருக்குப் பக்கத்திலும் தொலைநோக்கியோடு ஒரு ஸ்பாட்டர் உட்கார்ந்திருப்பார். குண்டு தவறினால், மிருகங்களுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் எங்கே தூசி கிளம்புகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காலையில் குண்டு ஊற்றிவிட்டு, மாலையில் அந்தக் குண்டு எங்கே போய்த் தொலைந்தது என்று பார்ப்பதும் என் வேலையாயிற்று. நான் ஸ்பாட்டராக இருந்தது சுல்தான் காக்காவுக்கு.

காக்கா கீழக்கரைக்காரர். அஜ்மானில் கார் உதிரிப்பாகக் கடை. கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம். கடையில் கல்லாவில் உட்கார்ந்து பேரம் பேசிப் பழகியவர் என்பதால் ஈயத்தோடும் பேரம் பேசுவார்.

"இன்னும் கொஞ்சம் கட்டியா ஊத்துப்பா. இது என்னா, வெண்ணெ மாதிரி நகம் பதியுது? கடாவைச் சாய்க்கணும்னா குண்டு கல்லு மாதிரி இருக்க வேணாமா?"

"காக்கா, கருமருந்து தள்ளும்போது குண்டு கொஞ்சம் பிதுங்கி பேரல்ல இருக்கிற வரிப்பள்ளத்தைக் கவ்வணும். கல்லு எங்கேருந்து கவ்வும்?"

"எல்லாம் கவ்வும். சக்கரத்துல மாட்டுற பழைய வீல் வெயிட் எங் கடையில கிலோக்கணக்குல கெடக்கு. அதுல ஈயத்தை இறுக்குற ஆன்டிமனி இருக்காம், கலந்து பாரேன்."

கடைசியில் மாஸ்டரிடம் போய் அனுமதியும் வாங்கிவந்துவிட்டார். மாஸ்டர் என்றால் ரேஞ்ச் மாஸ்டர், சுடும் தளத்தின் பொறுப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் சொன்னால் கோபிப்பார், அதனால் மாஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். "ஒருக்கா ஊத்திக் குடும். அவர் தானாத் திருந்துவார்" என்றார் என்னிடம். நான் கலந்து ஊற்றினேன். குண்டுகள் பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தன.

குளிர்காலப் போட்டியின் கடைசி நாள். குவைத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் விருந்தினர்கள் வந்திருந்தார்கள். காக்கா கடா வரிசைக்குச் சுட ஆரம்பித்தார். மாப்பிள்ளைக் குண்டுகள் ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே என்று ஊர்சுற்றின. ஒன்று கடாவின் முதுகை உரசி மணியடித்துவிட்டுப் போயிற்று, கடா அசையவில்லை. அடுத்த வெடி. புகை விலகியது. தொலைநோக்கியில் மேட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினேன். தூசி இல்லை.

வறண்ட மண்ணில் இவ்வளவு பெரிய குண்டு விழுந்தால் தூசி கிளம்பியே தீரும். கிளம்பவில்லை என்றால் குண்டு இருக்க ஒரே இடம்தான் பாக்கி. பேரலுக்குள். அங்கே ஒரு குண்டு அடைத்துக் கிடக்கும்போது பின்னால் இன்னொன்றைச் சுட்டால் பேரல் பிளந்துவிடும். பிளக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் சுடுபவரின் முகம் இருக்கும்.

காக்கா அடுத்த தோட்டாவைப் போட்டுவிட்டார்.

நான் "சீஸ் ஃபயர்!" என்று கத்தினேன். நம் ரேஞ்சில் மேனேஜரிலிருந்து டீ கொண்டுவருபவர்வரை யார் வேண்டுமானாலும் அந்த வார்த்தையைச் சொல்லலாம். சொன்னால் எல்லோரும் சுடுவதை நிறுத்தியாக வேண்டும். வரிசை முழுக்க நின்றது. மாஸ்டர் வந்து ரைபிளைத் திறந்து, தோட்டாவை எடுத்து, பேரல் வழியாக வானத்தைப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். வானம் மிக அழகாகத் தெரிந்தது.

அப்படியானால் குண்டு எங்கே? மேட்டுக்குப் போய்ப் பார்த்தோம். இடதுகோடி அடிவாரத்தில் ஒரே சேறு. விருந்தினர் வரும் பாதையில் தண்ணீர் தெளித்த டேங்கர் டிரைவர், மிச்சத்தைத் திரும்பக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு அங்கே திறந்துவிட்டிருக்கிறார். சேற்றுக்குள் நண்டு வளை மாதிரி அழகாக ஒரு ஓட்டை. அதற்குள் நம் மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார்.

ஸ்பாட்டர் தவறாக நிறுத்தினால் அவருடைய ஷூட்டரின் சுற்று ரத்து. அப்போது கிளப்பில் அதுதான் விதி. காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "தம்பி, நீ குண்டுதான் ஊத்துறேன்னு நெனச்சேன். என் தலையில தண்ணியையும் ஊத்திட்டியே" என்றார். விருந்தினர்கள்கூடச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து என் பெயர் தூசி.

கேன்டீன் சமையல்காரர் தஞ்சாவூர்க்காரர், பேச்சுக்கு விலை கேட்காதவர். "தூசி அண்ணே, சாம்பார்ல ஒண்ணும் கிளம்பலையே, சட்டியை எறக்கிறவா?" என்பார். வேன் ஓட்டும் பட்டான், புழுதிக்காற்று அடிக்கும்போதெல்லாம் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தூசி பாய், காடி ரோக்கூன்?" என்று, வண்டியை நிறுத்தட்டுமா எனக் கேட்பார். பெருநாளுக்குக் காக்கா பிரியாணி கொடுத்துவிட்டபோது, நடுவில் நிறுத்தாமல் சாப்பிடச் சொன்னதாகச் செய்தியும் சேர்த்து அனுப்பினார். எல்லோரும் நல்லவர்கள். கேலியில் விஷம் இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆனால் தம்பிகளே, விஷம் இல்லாத கேலியும் மெல்ல வேலை செய்யும். அதற்குப் பிறகு தொலைநோக்கியில் ஏதாவது சரியில்லாததுபோலப் பட்டால், கண் மேட்டைப் பார்ப்பதற்குமுன் மனசு கேன்டீனைப் பார்த்துவிட்டு வரும்.

மாஸ்டர் மட்டும் கேலி செய்யவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அந்தப் போட்டி முடிந்த மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டத்தான் போகிறார் என்று நின்றேன்.

"உம்மட சத்தம் காணாது" என்றார்.

"என்ன மாஸ்டர்?"

"கடைசி மேசையில நிண்டவருக்கு நீர் கத்தினது கேக்கேல்லை. எல்லாரும் நிப்பாட்டினாப் பிறகும் அவர் ஒரு வெடி வச்சவர். அடுத்தமுறை இன்னும் பலமாக் கத்த வேணும்."

"அதான் பேரல்ல ஒண்ணுமே இல்லையே மாஸ்டர்..."

"அதை நாங்கள் எப்ப பாத்தனாங்கள்? நீர் கத்தினாப் பிறகுதானே?"

தேநீர்கூடத் தரவில்லை. இவருக்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன்.

கோடை போய் அக்டோபரில் சீசன் திறந்தது. காக்கா கல் குண்டை விட்டுவிட்டு மென்மையான கலவைக்கே திரும்பியிருந்தார். ஆனால் ஏதாவது ஆராய்ச்சி செய்யாவிட்டால் அவருக்கு உறக்கம் வராது. இப்போது தோட்டாவின் மருந்தில் கைவைத்தார்.

"கோழி கிட்டத்துல தானேப்பா நிக்குது? அதுக்கு எதுக்கு முழு மருந்து? தோள்பட்டை வலிக்குது. கொறைச்சுப் போட்டு, மிச்ச எடத்துல ரவையைப் போட்டு அடைச்சிட்டேன்."

"ரவையா? ரைபிளுக்கு உப்புமாவா காக்கா?"

"சிரிக்காதே. அமெரிக்காவுல செய்யறானுவ. மாஸ்டர்கிட்ட காட்டிட்டேன்."

மாஸ்டரிடம் காட்டியது உண்மைதான். காட்டிய தோட்டாவில் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு அட்டை வட்டும் இருந்தது. பிற்பாடு செய்த தோட்டாக்களில், அதுதான் ரவை இருக்கிறதே, அட்டை எதற்கு என்று காக்கா விட்டுவிட்டார். இது எங்களுக்குத் தெரியாது.

போட்டி வெள்ளிக்கிழமை பிற்பகல். ஜும்ஆ தொழுகை முடித்து எல்லோரும் வந்தார்கள். கருமருந்துக் கரி இந்த வறண்ட காற்றில் பேரலுக்குள் ஓடாக இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஊதுகுழலைப் பேரலின் பின்வாயில் வைத்து மூச்சை ஊதி, அந்த ஈரத்தில் கரியை இளக்குவார்கள். முதல் இரண்டு கோழிகள் விழுந்தன. நேரம் குறைந்துவிட்டது என்று காக்கா ஊதுவதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது கோழிக்கு அவர் சுட்ட அதே நொடியில் இரண்டு பக்கத்து மேசைகளிலும் வெடித்தது. மூன்று வெடிச் சத்தமும் ஒன்றாகக் கலந்தது. மூன்று பேரின் புகையும் எங்கள்மேல் கவிந்தது. விலகியபோது கோழி நின்றுகொண்டிருந்தது. மேட்டைப் பார்த்தேன். தூசி இல்லை.

டேங்கர் நினைவு வந்தது. ஆனால் அன்று காலை நானே மேட்டைச் சுற்றி நடந்திருந்தேன். அப்பளம்போல் காய்ந்து கிடந்தது.

"காக்கா, தூசி காணோம்."

"கோழிக்கு மேலால போயி மேட்டையும் தாண்டியிருக்கும்."

"தோள்ல உதைச்சுச்சா?"

"கொறைச்ச மருந்துப்பா. கம்மியாத்தான் உதைக்கும்."

"ஒரு தடவை ஊதிப் பாருங்களேன்."

"ஊத நேரமில்ல தம்பி. இன்னும் மூணு கோழி நிக்குது." தோட்டா அவர் கைக்கு வந்துவிட்டது.

கவனியுங்கள், அவர் சொன்ன எல்லாப் பதிலும் நியாயமான பதில். மேலே போயிருக்கலாம். உதை குறைவாகத்தான் இருக்கும். நேரமும் இல்லை. ஆபத்து வரும்போது கையில் கத்தியோடு வருவதில்லை. இப்படி நாலு நியாயத்தோடுதான் வரும். எங்களுக்குப் பின்னால் கயிற்றுக்கு அந்தப்பக்கம் கேன்டீன்காரர் டீ பிளாஸ்கோடு நின்றார். வேன் டிரைவர் நின்றார். அந்த ஒரு மூச்சு நேரத்தில் என் மனதில் ஓடியது பேரல் பிளப்பது அல்ல. மறுபடியும் வெறும் வானம் தெரிந்தால் இவர்கள் எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதுதான்.

காக்கா தோட்டாவை உள்ளே தள்ளி மூடினார். கன்னத்தை ரைபிள் கட்டையில் சாய்த்தார்.

கத்தினேன். தொண்டை கிழிந்தது என்று சும்மா சொல்லவில்லை, இரண்டு நாள் எனக்குப் பேச்சு வரவில்லை. கடைசி மேசைக்காரர் துப்பாக்கியைக் கீழே வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். எங்கிருந்தோ ஒரு குரல், "தூசி வந்துருச்சுடா!" என்றது. சிரிப்பு பரவியது.

மாஸ்டர் நடந்து வந்தார். ஓடவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை. "தோட்டாவை வெளியில எடும்" என்றார் காக்காவிடம். எடுத்தார். ஊதுகுழலை நீட்டி, "ஊதும்" என்றார்.

காக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி குழலை வைத்து ஊதினார். கன்னம் இரண்டும் பூரிபோல உப்பின. உப்பியபடியே நின்றன. வாயை எடுத்துக் குழலைப் பார்த்தார். மறுபடி வைத்து, இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். முகம் சிவந்தது.

"போவலையே" என்றார். யாரிடமோ விலாசம் கேட்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

சிரிப்பு நின்றது. மாஸ்டர் கம்பியை விட்டுப் பார்த்தார். பேரலுக்குள் ஒரு சாண் தள்ளிக் குண்டு உட்கார்ந்திருந்தது. காக்காவின் மற்றத் தோட்டாக்களைப் பிரித்துக் கொட்டினோம். தொழுகை நேரம் முழுக்கத் தோட்டாப் பெட்டி அவருடைய பிக்கப்பின் பின்தட்டில் வெயிலில் கிடந்திருக்கிறது. குண்டில் தடவிய தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் உருகி, தடுக்க அட்டை இல்லாததால், ரவையில் ஊறி மருந்துவரை இறங்கியிருந்தது. கொட்டியது தூளாக விழவில்லை. அல்வாவாக விழுந்தது. பாதி எரிந்த அந்த அல்வாவுக்குக் குண்டை வெளியே தள்ளத் தெம்பில்லை.

காக்கா மணலில் உட்கார்ந்துவிட்டார். வலது கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு எம் பொண்டாட்டி பிளைட்ல வர்றா தம்பி. ஏர்போர்ட்டுக்குப் போவணும்."

"போவீங்க காக்கா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. அவர் தோளைப் பிடித்து அழுத்தினேன். கேன்டீன்காரர் கயிற்றைத் தாண்டி வந்து இரண்டு பேருக்கும் டீ ஊற்றினார். பட்டான் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து காக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே மாஸ்டர் மேனேஜரைப் பிடித்து விதியை மாற்றினார். தவறாக நிறுத்தினாலும் இனி யாருடைய சுற்றும் ரத்தாகாது. நேரம் மட்டும் திரும்பத் தொடங்கும்.

மேலும் ஒன்று சொல்ல வேண்டும். இது அதே சீசனின் கடைசிப் போட்டியில் நடந்தது. இப்போது உங்களுக்கு சீனியராக இருந்து உங்களை விரட்டும் நித்யா, குவைத்தின் ஃபர்வானியாவில் வளர்ந்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பக்கத்து மேசை ஷூட்டருக்கு ஸ்பாட்டர். காக்காவுக்கு அது வாழ்நாளிலேயே நல்ல நாள். எல்லா வரிசையும் சாய்ந்து ஒரே ஒரு கடா மட்டும் நின்றது. விழுந்தால் கோப்பை அவருக்கு. காற்று நின்றிருந்தது. மூச்சை அடக்கிக் குறிவைத்துவிட்டார்.

"சீஸ் ஃபயர்! சீஸ் ஃபயர்!" என்று நித்யா எழுந்து நின்று கத்தினாள்.

அவள் வாய் மூடுவதற்குள் காக்காவின் தோட்டா வெளியே வந்து மேசைமேல் இருந்தது. வரிசையில் முதலில் துப்பாக்கியைக் கீழே வைத்தது அவர்தான். மேட்டின்மேல் ஆள் நிற்கிறான் என்றாள். ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். சற்றுமுன் அடித்த காற்றில் வந்து வேலிக் கம்பியில் மாட்டிய சிமெண்ட் பை. அதை எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. காக்காவின் கடைசிக் குண்டு கடாவின் காலடியில் மண்ணை வாரியது. கடா இன்றைக்கும் அந்த வெற்றியோடுதான் நிற்கிறது.

"சாரி அங்கிள். ஆள் மாதிரியே இருந்துச்சு, ஐ ஸ்வேர்" என்று நித்யா அழாத குறையாக நின்றாள். கேன்டீன்காரர் ஏதோ பெயர் வைக்க வாயைத் திறந்தார். காக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து கேன்டீன்காரர் போய்விட்டார்.

"அடுத்த சீசனுக்கு எம் பக்கத்துல உக்கார்றியாம்மா?" என்று கேட்டார் காக்கா.

நான் தொலைநோக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயேதான் நின்றேன். "அப்ப நானு?"

"ஒனக்குக் கண்ணு மங்கிப்போச்சுப்பா. ஊருக்குப் போயி ரெஸ்ட் எடு."

என் ஓய்வு இப்படித்தான் தீர்மானமாயிற்று. பிரிவுபசார விழாவில் மேனேஜர் வேறு காரணங்கள் சொன்னார், நம்பாதீர்கள்.

இப்போதும் காக்கா போன் செய்தால் நித்யாவைப் பற்றிப் புகார்தான். இந்த சீசனில் இதுவரை இரண்டு முறை நிறுத்திவிட்டாளாம். ஒன்று ஒட்டகக் குட்டியாம். இன்னொன்று என்னவென்று அவளுக்கே தெரியவில்லையாம்.

"ரெண்டு தடவையும் கீழ வச்சீங்களா காக்கா?" என்று கேட்டேன்.

"வைக்காம?" என்றார்.